பேட்டரி தேய்ந்தும் சிமிட்டல் தேயாதது ஏன்?

கேள்வி: நான் பி.யூ.சி. முதலாண்டு படிக்கிறேன். எஸ்.பி. ரோட்டில் 555 ஐ.சி., ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், சிவப்பு எல்.இ.டி. எல்லாம் வாங்கி, ப்ரெட்போர்டில் ஒரு ஃப்ளாஷர் சர்க்யூட் செய்தேன். 9 வோல்ட் பேட்டரியில் கிட்டத்தட்ட நொடிக்கு ஒருமுறை மின்னியது. நவராத்திரிக்கு வீட்டுக் கொலுவில் வைத்துத் தினமும் சாயங்காலம் ஓடவிட்டோம். விஜயதசமி வருவதற்குள் எல்.இ.டி. ரொம்ப மங்கிவிட்டது. ஆனால் மின்னும் வேகம் முதல் நாள் இருந்த மாதிரியே இருந்தது. "பேட்டரி இறங்கினா மெதுவாத்தானே மின்னணும்?" என்று மாமா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் குறைந்து வேகம் குறையாமல் இருப்பது ஏன்? இதை முதல்முறை செய்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்வீர்களா?

— ஒரு வாசகி, ஒக்கலிபுரம், பெங்களூரு

பதில்: எல்.இ.டி. சர்க்யூட் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் "மின்னவே இல்லை, என்ன செய்வது?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் ஒழுங்காக மின்னுகிற சர்க்யூட்டைப் பார்த்துக்கொண்டிருந்து, நடந்திருக்க வேண்டியது ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறீர்கள். இப்படி ஒரு கேள்வி வந்தால் பதில் எழுதுகிறவருக்குக் கொண்டாட்டம்தான். வெளிச்சத்தையும் வேகத்தையும் நீங்கள் தனித்தனியாகக் கவனித்ததிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. பேட்டரி இறங்குவது இரண்டையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை.

முதலில் உங்கள் மாமாவின் பக்கத்தைப் பார்ப்போம். அவர் சொல்வது அனுபவத்தில் வந்த பேச்சு. பேட்டரி கார் பொம்மை செல் தீரத் தீர மெதுவாக ஓடும். பழைய டேப் ரெக்கார்டரில் பாட்டு இழுக்கும். இரண்டிலும் ஓடுவது மோட்டார். அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தம், அதாவது மின்சாரத்தைத் தள்ளும் விசையின் அளவு, குறைந்தால் அது மெதுவாகத்தான் சுற்றும். ஃப்ளாஷரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்கு மாமாவிடம் காரணமும் இருக்கும்: பேட்டரி பலம் குறைந்தால் கெப்பாசிட்டர் நிரம்ப நேரமாகும், நிரம்ப நேரமானால் மின்னவும் நேரமாகும். இதில் முதல் பாதி முழுக்கச் சரி. பேட்டரி இறங்கினால் கெப்பாசிட்டர் உண்மையிலேயே மெதுவாகத்தான் நிரம்புகிறது. ஆனால் எவ்வளவு நிரம்பினால் போதும் என்கிற அளவுக்கோடும் அதே நேரத்தில் கீழே இறங்கிவிடுகிறது. அதுதான் மாமாவின் கணக்கில் விட்டுப்போனது.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது, அதை யார் இறக்குகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன், இந்தச் சர்க்யூட்டை இன்னும் தொடாதவர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒக்கலிபுரத்தில் இருப்பவர்களுக்குப் பொருள் தேடும் சிரமம் இல்லை. ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறினால் சம்பிகே ரோடு, மெஜஸ்டிக் தாண்டி மூன்றாவது நிறுத்தம் சிக்கபேட்டை. அங்கிருந்து எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தே போகலாம். ரெசிஸ்டரைச் சில்லறையாகக் கொடுக்கிற கடைகளும் அங்கே உண்டு.

வாங்க வேண்டியவை: ஒரு 555 ஐ.சி.; 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 470 ஓம் ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்று; 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, 0.01 மைக்ரோ ஃபாரட் ஒன்று. ஒரு சிவப்பு எல்.இ.டி.; ப்ரெட்போர்டு, ஒயர், பேட்டரி. ரெசிஸ்டர் என்பது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை. கெப்பாசிட்டர் என்பது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கி. ப்ரெட்போர்டு என்பது சால்டரிங் வைக்காமல் கால்களைச் செருகிச் சர்க்யூட் அமைக்க உதவும் துளைப் பலகை. ரெசிஸ்டரின் மதிப்பை அதன் வண்ணப் பட்டைகளில் படிக்கலாம்: 10 கிலோவுக்குப் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு, 68 கிலோவுக்கு நீலம், சாம்பல், ஆரஞ்சு, 470 ஓமுக்கு மஞ்சள், ஊதா, பழுப்பு.

ஐ.சி.யை ப்ரெட்போர்டின் நடுப்பள்ளத்துக்கு இருபுறமும் கால்கள் இருக்கும்படி அழுத்துங்கள். அதன் ஒரு முனையில் அரைவட்ட வெட்டு இருக்கும். அந்த வெட்டு மேலே இருக்கும்படி பிடித்தால் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4. வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8. பேட்டரியின் பிளஸ் 8-க்கும் 4-க்கும் போகும், மைனஸ் 1-க்கு. 10 கிலோ ரெசிஸ்டரை 8-க்கும் 7-க்கும் நடுவில் வையுங்கள். 68 கிலோவை 7-க்கும் 6-க்கும் நடுவில். 6-ஐயும் 2-ஐயும் ஒயரால் சேருங்கள். 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் 2-இல், கோடு போட்ட மைனஸ் கால் பேட்டரியின் மைனஸில். சின்னக் கெப்பாசிட்டரை 5-க்கும் மைனஸுக்கும் நடுவில் வைத்தால் இரைச்சல் தடுக்கப்படும். 3-ஆம் காலிலிருந்து 470 ஓம் வழியாக எல்.இ.டி.யின் நீளக் கால். குட்டைக் கால் மைனஸுக்கு. அந்த 470 ஓம் இல்லாமல் எல்.இ.டி.யை ஒருபோதும் இணைக்காதீர்கள். தன் வழியே போகும் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள அதற்குத் தெரியாது.

எல்லாம் போட்ட பிறகு மின்னாமல் தொடர்ந்து எரிந்தால், பெரும்பாலும் 10 மைக்ரோ கெப்பாசிட்டரின் கால் துளையில் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். கெப்பாசிட்டர் இல்லாத சர்க்யூட் கண்ணால் பிரித்தறிய முடியாத வேகத்தில் மின்னும். நமக்கு அது எரிந்துகொண்டே இருப்பதாகத் தெரியும்.

இனி ஐ.சி.க்கு உள்ளே போவோம். 8-ஆம் காலிலிருந்து 1-ஆம் கால்வரை மூன்று சமமான ரெசிஸ்டர்கள் வரிசையாக இருக்கின்றன. பேட்டரியின் மின்னழுத்தத்தை அவை மூன்று சம கூறுகளாக வெட்டுகின்றன. அதனால் நடுவில் இரண்டு இடங்கள் கிடைக்கின்றன: ஒன்று மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, இன்னொன்று மூன்றில் இரண்டு பங்கு. நான் சொன்ன அளவுக்கோடுகள் இவைதான். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கம்பேரேட்டர் இருக்கிறது. இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிட்டு எது பெரியது என்று சொல்லும் பகுதி அது. ஒரு கம்பேரேட்டர் 2-ஆம் காலையும், மற்றொன்று 6-ஆம் காலையும் கவனிக்கிறது. இரண்டு கால்களும் நம் கெப்பாசிட்டரோடு சேர்ந்திருப்பதால், அதன் மின்னழுத்தம் இரு கோடுகளில் எதைத் தொட்டாலும் உடனே தெரிந்துவிடும். அவை சொல்வதை ஃப்ளிப்-ஃப்ளாப் கேட்டுக்கொள்கிறது; கடைசியாக வந்த கட்டளையை மறக்காமல் வைத்திருக்கும் பகுதி அது.

ஆட்டம் இப்படிப் போகிறது. கெப்பாசிட்டர் இரண்டு ரெசிஸ்டர்கள் வழியாக நிரம்பிக்கொண்டிருக்கும்போது எல்.இ.டி. எரிகிறது. மூன்றில் இரண்டு பங்குக் கோட்டைத் தொட்டதும் ஃப்ளிப்-ஃப்ளாப் புரண்டு, எல்.இ.டி.யை அணைத்து, 7-ஆம் காலை உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் வழியாக மைனஸோடு இணைக்கிறது. கெப்பாசிட்டர் 68 கிலோ வழியாக வடியத் தொடங்குகிறது. மூன்றில் ஒரு பங்குக் கோட்டுக்கு இறங்கியதும் மறுபடி புரள்கிறது, 7-ஆம் கால் விடுபடுகிறது, எல்.இ.டி. எரிகிறது. கெப்பாசிட்டர்தான் எல்.இ.டி.க்கு மின்சாரம் கொடுத்து மின்னவைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எல்.இ.டி.க்கான மின்னோட்டம் பேட்டரியிலிருந்து 3-ஆம் கால் வழியாக வருகிறது. கெப்பாசிட்டருக்கு நேரம் அளக்கிற வேலை மட்டும்தான்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். புது பேட்டரி, 9 வோல்ட். கோடுகள் 3-இலும் 6-இலும் இருக்கின்றன. கெப்பாசிட்டர் 3 வோல்ட்டில் இருக்கும்போது அது போய்ச் சேரப் பார்க்கும் உயரம் 9. இடைவெளி 6 வோல்ட். 6 வோல்ட்டுக்கு ஏறியதும் இடைவெளி 3 வோல்ட். அதாவது பாதி. பேட்டரி இறங்கி 6 வோல்ட் ஆகிவிட்டது என்று வையுங்கள். கோடுகளும் இறங்கி 2-இலும் 4-இலும் நிற்கின்றன. தொடக்கத்தில் இடைவெளி 4, முடிவில் 2. மறுபடியும் பாதி. 15 வோல்ட் கொடுத்தாலும் 10 என்பது 5 ஆகும். வடியும்போதும் இதே கதைதான்: 9 வோல்ட்டில் 6-லிருந்து 3-க்கு, 6 வோல்ட்டில் 4-லிருந்து 2-க்கு. எந்தப் பேட்டரியைக் கொடுத்தாலும் கெப்பாசிட்டருக்கு இந்தச் சர்க்யூட் கொடுக்கும் வேலை ஒன்றுதான்: இருக்கிற இடைவெளியைப் பாதியாக்கு.

அந்தப் பாதியாகும் நேரம் இடைவெளி பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்து மாறுமா? மாறாது. முழு விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு பெரிய தொட்டியையும் சின்னத் தொட்டியையும் அடியில் மெல்லிய குழாயால் இணைத்தால், இரண்டின் நீர்மட்டமும் எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அந்த அளவுக்குத்தான் தண்ணீர் பாயும். வித்தியாசம் இரட்டிப்பாக இருந்தால் பாய்ச்சலும் இரட்டிப்பு. குறைக்க வேண்டிய அளவும் இரட்டிப்பு. ஆகவே நேரம் அதேதான். ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டர் நிரம்புவதும் இப்படித்தான். பாதியாகும் நேரத்துக்குச் சூத்திரம்: 0.693 பெருக்கல் மின்தடை பெருக்கல் கெப்பாசிட்டரின் மதிப்பு. இதில் வோல்ட் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த 0.693 என்பது 2-இன் இயல் மடக்கை. கதிரியக்கப் பொருளின் அரை ஆயுட்காலக் கணக்கிலும் இதே எண் வரும். அங்கேயும் பாதியாவதுதான் விஷயம்.

உங்கள் சர்க்யூட்டுக்குப் போட்டுப் பார்த்தால், நிரம்பும்போது இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து 78 கிலோ. 10 மைக்ரோ ஃபாரட்டோடு பெருக்கினால் 0.54 நொடி. வடியும்போது 68 கிலோ மட்டும், 0.47 நொடி. ஒரு சுற்றுக்கு 1.01 நொடி. எரியும் நேரம் அணையும் நேரத்தைவிடச் சற்று நீளமாக இருப்பதற்குக் காரணம் அந்த 10 கிலோதான். இன்னொன்றும் உண்டு. பேட்டரியை மாட்டியவுடன் வரும் முதல் மின்னல் மட்டும் மற்றவற்றைவிட நீளமாக, சுமார் 0.86 நொடி இருக்கும். அப்போது கெப்பாசிட்டர் வெறுமையிலிருந்து ஏற வேண்டியிருக்கிறது. மற்ற சுற்றுகளில் அது மூன்றில் ஒரு பங்கிலிருந்தே தொடங்குகிறது. அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

அப்படியானால் வெளிச்சம் மட்டும் ஏன் விழுந்தது? எல்.இ.டி.யின் வெளிச்சம் அதன் வழியே போகும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. பேட்டரியின் மின்னழுத்தம் முழுவதும் 470 ஓம் ரெசிஸ்டருக்குக் கிடைப்பதில்லை. 555-இன் வெளியீட்டுப் பகுதி சுமார் 1.5 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்கிறது. பேட்டரி புதிதாக இருந்தாலும் பழையதாக இருந்தாலும் இந்தப் பிடித்தம் பெரிதாக மாறாது. 9 வோல்ட்டில் மூன்றரை போனால் மீதி ஐந்தரை. 470 ஓமால் வகுத்தால் கிட்டத்தட்ட 12 மில்லி ஆம்பியர். 6 வோல்ட்டில் மூன்றரை போனால் மீதி இரண்டரை. வெறும் 5 மில்லி ஆம்பியர் சொச்சம். பேட்டரி மூன்றில் ஒரு பங்குதான் இறங்கியது. மின்னோட்டமோ பாதிக்கும் கீழே போய்விட்டது. நேரக் கணக்கில் எல்லா அளவும் விகிதம். பேட்டரியோடு சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். வெளிச்சக் கணக்கில் நிலையான கழிவு இருக்கிறது. அதனால்தான் விஜயதசமியில் ஒன்று மங்கி, மற்றொன்று மங்காமல் நின்றது.

இது தற்செயலாக அமைந்ததல்ல. 555-ஐ வடிவமைத்தவர் ஹான்ஸ் காமென்சிண்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1971-இல் கலிபோர்னியாவின் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக ஒப்பந்த முறையில் இதை வரைந்தார். 1972-இல் விற்பனைக்கு வந்தது. அவருடைய முதல் வடிவத்தில் கெப்பாசிட்டரை நிரப்ப, எப்போதும் ஒரே அளவு மின்னோட்டம் தரும் ஒரு தனிப் பகுதி இருந்தது. அதற்கு 9 கால்கள் தேவைப்பட்டன. பிறகு அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, வெளியே ஒரு சாதாரண ரெசிஸ்டர் வைத்தாலே போதும் என்று கண்டார். ஐ.சி. 8 காலில் அடங்கியது. நீங்கள் கையில் பிடித்திருக்கும் சின்ன உறை அந்த முடிவின் விளைவு.

மூன்று ரெசிஸ்டர்களை வைத்து விகிதத்தை நம்பியதற்குப் பின்னால் இன்னும் ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. எனக்கு இந்த ஐ.சி.யில் மிகவும் பிடித்ததும் அதுதான். சிலிக்கான் சில்லுக்குள் ஒரு ரெசிஸ்டரைச் சொன்ன மதிப்பில் செய்வது கடினம். வரைபடத்தில் 5 கிலோ ஓம் என்றிருக்கும். ஒரு தயாரிப்புத் தொகுதியில் 4 ஆக வரலாம், இன்னொன்றில் 6 ஆக வரலாம். ஆனால் ஒரே சில்லில் பக்கத்தில் பக்கத்தில் செய்த மூன்றும் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும். மதிப்பை நம்ப முடியாது; விகிதத்தை நம்பலாம். காமென்சிண்ட் அந்த விகிதத்தின் மேல்தான் நேரக் கணக்கைக் கட்டினார். தயாரிப்பில் வரும் வேறுபாடு, பேட்டரி இறங்குவது, இரண்டுமே ஒரே அடியில் கணக்கிலிருந்து கழன்றுபோயின. (மூன்று 5 கிலோ இருப்பதால்தான் 555 என்று பெயர் வந்ததாகப் பல இடங்களில் படிப்பீர்கள். விற்பனைப் பிரிவில் இருந்தவர் இட்ட எண் அது என்று காமென்சிண்ட் சொல்லியிருக்கிறார்.)

உங்கள் மாமா சொல்வது முழுக்கப் பொருந்துகிற ஃப்ளாஷரும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நியாயம் செய்ததாகாது. 1920-களின் தொடக்கத்தில் பியர்சன், ஆன்சன் என்ற இருவரின் பெயரால் அறியப்பட்ட சர்க்யூட் அது: ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு நியான் விளக்கு. எலக்ட்ரீஷியன் டெஸ்டரில் சிவப்பாக மினுக்கும் குட்டி விளக்கு இருக்கிறதே, அந்த ரகம். நியான் வாயு ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தம் வந்தால்தான் பற்றும். அந்த அளவு விளக்கின் உடம்பிலேயே இருக்கிறது. கொடுக்கும் மின்சாரம் குறைந்தால் அது கூடவே இறங்காது. ஆகவே அங்கே மின்னழுத்தம் குறைந்தால் சிமிட்டல் நிச்சயம் மெதுவாகும். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அதற்கு ஆபத்தான உயர் மின்னழுத்தம் வேண்டும்.

555-இலேயே மாமா சொல்வது நடக்க வேண்டுமானால், மேல்கோட்டை ஓரிடத்தில் கட்டிப்போட வேண்டும். அந்தக் கோடு 5-ஆம் காலில் வெளியே தெரிகிறது. அதை எப்போதும் 3 வோல்ட்டில் நிறுத்திவைத்தால் கீழ்க்கோடு ஒன்றரையில் நிற்கும். 9 வோல்ட் பேட்டரியில் எரியும் நேரம் 0.17 நொடி, 6 வோல்ட்டில் 0.32 நொடி. கிட்டத்தட்ட இரட்டிப்பு. கோடு நகர்ந்தால் வேகம் நிற்கும். கோடு நின்றால் வேகம் நகரும்.

வேகம் துளிகூட மாறாது என்றும் சொல்லிவிட முடியாது. தயாரிப்பாளர்கள் தரும் குறிப்பேட்டில், சாதாரண 555-க்கு ஒரு வோல்ட் மாற்றத்துக்குச் சுமார் 0.3 சதவீதம் நேரம் மாறும் என்று போட்டிருக்கிறது. 3 வோல்ட் இறங்கினால் ஒரு சதவீதத்துக்குள். ஒரு நிமிடத்தில் அரை நொடி சொச்சம். கண்ணுக்கு அது தெரியாது. நாலரை வோல்ட்டுக்குக் கீழே போனால் சாதாரண 555 ஒழுங்காக வேலை செய்யும் என்ற உத்தரவாதமே கிடையாது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களுக்கு அதற்குமேல் தேவை.

அதற்கு முன்னால், பேட்டரியின் கடைசிக் கட்டத்தில் வேடிக்கையான ஒன்று நடக்கலாம். தேய்ந்த பேட்டரிக்கு உள்தடை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் மின்தடை, கூடிவிடும். அதனால் எல்.இ.டி. எரியும்போது பேட்டரியின் மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்து, அணைந்ததும் மீண்டும் எழும். உதாரணமாக, அணைந்திருக்கும்போது 6 வோல்ட், எரியும்போது ஐந்தரை வோல்ட். இப்போது கோடுகள் சுற்றின் நடுவிலேயே அசைகின்றன. நிரம்பும்போது மேல்கோடு தாழ்ந்து கெப்பாசிட்டரை நோக்கி வருகிறது. வடியும்போது கீழ்க்கோடு உயர்ந்து அதை நோக்கி வருகிறது. இரண்டு பயணமும் சுருங்குகின்றன. கணக்குப் போட்டால் ஒரு சுற்று 1.01 நொடியிலிருந்து 0.92 நொடிக்கு வந்துவிடும். ஆக, பேட்டரி சாகும் தறுவாயில் இந்தச் சர்க்யூட் கொஞ்சம் வேகமாகக்கூட மின்னலாம். மாமாவிடம் இதைச் சொல்லும்போது மெதுவாகச் சொல்லுங்கள்.

சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துவிடுங்கள். தேய்ந்த பேட்டரியை மாட்டி, 60 மின்னலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஃபோனின் ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். பிறகு வேறு எதையும் தொடாமல் புது பேட்டரியை மாட்டி மறுபடி எண்ணுங்கள். மூன்றாவதாக, நான்கு பென்டார்ச் செல் போடும் ஹோல்டரில் 6 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். கணக்குப்படி 61 நொடி வர வேண்டும். ஆனால் உங்களுக்கு 55-ஓ 68-ஓ வந்தால் கலங்க வேண்டாம். 10 மைக்ரோ என்று அச்சிட்ட எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதை. கல்லூரி லேபில் மல்டிமீட்டர் கிடைத்தால் அதன் கறுப்பு முனையை மைனஸிலும் சிவப்பு முனையை 5-ஆம் காலிலும் வையுங்கள். 9 வோல்ட்டில் 6 காட்டும். 6 வோல்ட்டில் 4 காட்டும். கோடு இறங்குவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

கடைசியாக, கேட்காத ஒன்றுக்கும் பதில் சொல்கிறேன். உங்கள் பேட்டரி இத்தனை சீக்கிரம் இறங்கியதற்கு எல்.இ.டி. மட்டும் காரணமல்ல. அது பாதி நேரம் எரிவதால் சராசரியாக 6 மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது. சாதாரண 555 எல்.இ.டி. எரிந்தாலும் எரியாவிட்டாலும் தனக்கென்று கிட்டத்தட்ட அதே அளவு இழுத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 12 மில்லி ஆம்பியர் என்றால், கடைகளில் கிடைக்கும் சாதாரண 9 வோல்ட் பேட்டரி முப்பது, முப்பத்தைந்து மணி நேரம் தாங்கினாலே நல்லது. அடுத்த முறை எஸ்.பி. ரோட்டுக்குப் போகும்போது 7555 என்று கேட்டு வாங்குங்கள். அது சீமாஸ் முறையில், அதாவது சும்மா இருக்கும்போது மிகக் குறைந்த மின்னோட்டமே இழுக்கும் டிரான்சிஸ்டர்களால், செய்யப்பட்டது. கால்களின் வரிசை அதேதான். எதையும் மாற்றாமல் அப்படியே செருகலாம். 470 ஓமுக்குப் பதில் 1 கிலோ ஓம் போட்டு, 9 வோல்ட் பேட்டரிக்குப் பதில் நான்கு பென்டார்ச் செல்லில் ஓட்டினால், நவராத்திரி முடிந்து கொலு பொம்மைகளைப் பெட்டியில் எடுத்துவைத்த பிறகும் செல்லில் நிறையவே மீதி இருக்கும்.